நாஞ்சில் நாடும் நீர்க் காவலும்



குமரி மாவட்டத்தில் நாளிதழைக் கையில் எடுப்போர் பலர் முதலில் தேடுவது ஒரு சிறு பட்டியலை. பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு, பொய்கை, முக்கடல் இத்தனை அடி என்று அணைகளின் நீர்மட்டம் அதில் அச்சாகியிருக்கும். பேச்சிப்பாறையின் நிறைமட்டம் 48 அடி. பெருஞ்சாணியின் நிறைமட்டம் 77 அடி. முக்கடலின் நிறைமட்டம் 25 அடி. உழவர் முதல் இரண்டையும் பார்ப்பர். நாகர்கோவில் நகரத்தார் மூன்றாவதைப் பார்ப்பர். மழை பொய்த்த ஆண்டுகளின் கோடையில் முக்கடலுக்கு எதிரே 'மைனஸ்' என்ற சொல்லைக் காணலாம். அளவுகோலின் பூச்சியக் குறிக்கும் கீழே நீர் இறங்கிவிட்டது என்பது அதன் பொருள். ஒரு நகரத்தின் குடிநீர் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது என்னும் செய்தி, ஓர் ஓரத்தில், ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பேறு தமிழ்நாட்டில் குமரி மாவட்டத்துக்கு மிகுதியாக உண்டு. இரு மழை பெறும் நாட்டிலும் நீர்ப் பஞ்சம் வருவது ஏன்? அதைத் தாங்கி நிற்க முன்னோர் செய்த ஏற்பாடுகள் யாவை? இன்று நாம் செய்ய வேண்டுவன யாவை? இவையே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். தோவாளை வட்டாரத்தில் பல ஆண்டுகள் ஆசிரியனாகப் பணியாற்றியவன் என்னும் முறையில், நான் அறிந்த மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நில அமைப்பைக் காண்போம். மாவட்டத்தின் வடக்கே கோதையாறும் பரளியாறும் பிறக்கும் மலைச்சரிவுகள் அடர்ந்த மழை பெறுபவை. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். அது காற்றுக்குப் பெயர் பெற்றதேயன்றி மழைக்குப் பெயர் பெற்றதன்று. தோவாளை இவ்விரண்டுக்கும் நடுவே, வறண்ட பக்கத்தைச் சாய்ந்து அமைந்துள்ளது. பிச்சியும் அரளியும் கொழுந்தும் விளைந்து விடியுமுன் சந்தைக்கு வரும் ஊர் இது. ஆனால் அந்தப் பூக்களுக்கு வேண்டிய நீர் அங்கேயே பொழிவதில்லை. பெரும்பகுதி மேற்கிலிருந்து வர வேண்டும். மழை பொழியும் இடம் வேறு, நீர் வேண்டும் இடம் வேறு. நாஞ்சில் நாட்டு நீர் வரலாறு முழுவதும் இந்த ஒரு முரணைத் தீர்க்கச் செய்த முயற்சியே எனலாம்.

இந்நாட்டின் சொந்த ஆறு பழையாறு. அது மலையடிவாரத்தில் தோன்றி, நாஞ்சில் நாட்டு வயல்களினூடே ஓடி, மணக்குடியில் கடலோடு கலக்கிறது. நீளத்தில் சிறியதாயினும் அதன் குறுக்கே வீரநாராயணமங்கலம் அணை, சபரி அணை, குமரி அணை, சோழந்திட்டை அணை என்று பல சிற்றணைகள் படிப்படியாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அணையிலிருந்தும் கால்கள் பிரிந்து குளங்களை நிரப்பும். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்தாகும். மேல்குளம் நிறைந்து வழிந்த நீரைக் கீழ்க்குளம் ஏந்திக்கொள்ளும். இவ்வாறு அமைந்த குளங்கள் மாவட்டத்தில் 2000க்கும் மேற்பட்டவை என்று கணக்கிட்டுள்ளனர்.

ஆனால் பழையாறு ஒன்றே நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் போதாது. மேற்கே பரளியாற்றில் நீர் நிறைந்து ஓடுகிறது. அது கோதையாற்றோடு கூடிக் குழித்துறை வழியே தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகிறது. அந்நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற எண்ணம் மிகப் பழங்காலத்திலேயே எழுந்தது. அவ்வெண்ணத்தின் வடிவமே பாண்டியன் அணை. பெயரே சுட்டுவதுபோல், பாண்டிய மன்னன் ஒருவன் அமைத்தது என்பது மரபு. பரளியாற்றைத் தடுத்து, பாறையினூடே வழிவெட்டி, அதன் நீரைப் பழையாற்றுப் பக்கம் கொண்டுவந்தனர். ஓர் ஆற்று வடிநிலத்து நீரை மற்றோர் ஆற்று வடிநிலத்துக்கு மாற்றுவதை இன்றைய பொறியியலார் பெருஞ்செயலாகப் பேசுகின்றனர். வெடிமருந்து அறியாத காலத்திலேயே நாஞ்சில் நாட்டார் அதைச் செய்து காட்டினர்.

அதன் அருகிலேயே பின்னாளில் புத்தன் அணை எழுந்தது. 'புத்தன்' என்பது இங்கே புதியது என்னும் பொருளது. அதை 18ஆம் நூற்றாண்டின் மார்த்தாண்டவர்மர் காலத்தோடு இணைத்துக் கூறுவர். பத்மநாபபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் புத்தனாறு இங்கிருந்தே புறப்படுகிறது. பாண்டியன் அணை இருக்கும்போதே இன்னொரு அணை ஏன்? ஒரே வாய்க்காலை நம்பி எல்லாப் பற்றுகளும் இருக்க முடியாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

திருப்பிவிடுதல் வேறு, தேக்கிவைத்தல் வேறு. ஆற்றில் நீர் ஓடும்வரையில்தான் திருப்பணை பயன்படும். ஆறு வற்றினால் அணையும் வறளும். மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி வெயிற்காலத்துக்கு வைத்திருக்கும் எண்ணம் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் செயலாயிற்று. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின் 1913இல் மறைந்தார். அவருடைய கல்லறை பேச்சிப்பாறையிலேயே உள்ளது. மலையில் வாழும் காணி மக்களின் குடியிருப்புகள் சில அணைநீரால் துண்டுபட்டு, படகேறிச் செல்ல வேண்டிய நிலையை அடைந்தன. கீழ்நாட்டில் ஒரு வயல் விளைய மேல்நாட்டில் ஒருவர் வழி இழந்தார் என்பதையும் வரலாறு மறக்கலாகாது.

பேச்சிப்பாறை ஒன்றே போதாதென்று பரளியாற்றின் குறுக்கே பெருஞ்சாணி அணை 1952இல் கட்டப்பட்டது. பேச்சிப்பாறை நீர் இடதுகரைக் கால்வாய் வழியே வந்து பரளியாற்றில் சேர, இரு அணைகளின் நீரும் புத்தன் அணையில் கூடுகின்றன. ஆங்கிருந்து பத்மநாபபுரம் புத்தனாறு, நாஞ்சில்நாடு புத்தனாறு, அனந்தனார், தோவாளை முதலிய கால்வாய்கள் நாடெங்கும் பிரிகின்றன. மக்கள் வாய்மொழியில் இவை அனைத்தும் 'சானல்'களே. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபின் சிற்றாறு பட்டணங்கால் திட்டம் வந்தது. அதன் உறுப்பே 115 அடி உயரத்தில் பரளியாற்றைக் கடந்து நிற்கும் மாத்தூர்த் தொட்டிப்பாலம். தோவாளைக் கால்வாயின் கடைப்பகுதியில் நிலப்பாறையிலிருந்து இராதாபுரம் கால்வாய் பிரிந்து, அடுத்த மாவட்டமான திருநெல்வேலியில் சுமார் 17000 ஏக்கருக்கு நீர் தருகிறது. ஆகவே தோவாளை கடைமடையும் ஆகும். மற்றொரு நாட்டுக்குத் தலைமடையும் ஆகும். தன் பங்குக்கு மேற்கை நோக்கி நிற்பவனே, கிழக்கே உள்ளவன் பங்குக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

இதுவரை கூறியது பயிருக்கு நீர். இனிக் குடிநீருக்கு வருவோம்.

கிணறும் குளமும் ஊருக்குப் போதுமானவையாக இருந்தவரை குடிநீர் வாரியம் என்ற ஒன்று தேவைப்படவில்லை. நகரம் வளர்ந்தபின் தூய்மை செய்த நீரைக் குழாய்வழி வீடுதோறும் தர வேண்டியதாயிற்று. நாகர்கோவிலுக்காக மலையடிவாரத்தில் முக்கடல் அணை திருவிதாங்கூர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் அமைந்தது. அதன் நீர் கிருஷ்ணன்கோவிலில் உள்ள நிலையத்தில் வடிகட்டி, குளோரின் சேர்த்து, நகருக்கு வழங்கப்படுகிறது. அன்று நாகர்கோவில் சிறு நகர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 2 லட்சத்து 24 ஆயிரத்தைக் கடந்தது. 2019இல் அது மாநகராட்சியாயிற்று. மக்கள் பெருகினர், மலைச்சரிவு பெருகவில்லை. முக்கடல் வற்றும்போதெல்லாம் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீரை அனந்தனார் சானல் வழியே கொண்டுவந்து சமாளித்தனர். அது நிலையான தீர்வாகாது என்று கண்டு, புத்தன் அணையிலிருந்தே குழாய் பதித்து நகருக்கு நீர் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டது. பழைய புத்தன் அணைக்கு இவ்வாறு புதிய பணி ஒன்று கிடைத்தது.

இங்கே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முக்கடல் ஒரு வழி, புத்தன் அணை மறு வழி. எனவே நகருக்கு இரு வழிகள் உள்ளன என்று மகிழலாம். ஆயினும் இரண்டும் ஒரே மலைத்தொடரின் மழையை நம்பியவை. பருவமழை பொய்த்தால் இரண்டும் ஒருங்கே குறையும். புத்தன் அணை நீரில் கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் உழவர் உரிமை கொண்டுள்ளனர். வழி இரண்டானாலும் மூலம் ஒன்றே. வேறு மூலம் எது? மழையை விழுந்த இடத்திலேயே ஏந்தி நிலத்தடிக்கு அனுப்பும் ஊர்க்குளங்களே. தூர்ந்தும், ஆக்கிரமிப்பால் சுருங்கியும், ஆகாயத்தாமரை மூடியும் கிடக்கும் குளங்களைப் பார்க்கும்போது, அங்கே அழிவது அழகு மட்டுமன்று, மூன்றாவது வழியே அழிகிறது என்று உணர வேண்டும். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் உலகப் புகழ்பெற்ற ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பறவைகள் காத்துத் தந்த அப்பெருமையை மனிதரும் காக்கலாமன்றோ!

பொய்கை அணை மற்றொரு பாடம் தருகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் அமைந்த அதன் நிறைமட்டம் 42 அடிக்கு மேல். ஆனால் அப்பக்கத்து மழையோ குறைவு. பல ஆண்டுகளில் அது நிரம்புவதே இல்லை. மதிலை எழுப்பினால் மட்டும் போதாது. அதற்கு வரத்து வேண்டும்.

வறட்சி ஒன்றே நீர்த் திட்டங்களுக்குப் பகையன்று. இந்த நூற்றாண்டில் நம் மாவட்டமும் அண்டை மாவட்டங்களும் கண்ட சோதனைகளை எண்ணிப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. கடற்கரையோரக் கிணறுகளில் உப்புநீர் புகுந்தது. கண்ணெதிரே நீர் இருந்தும் பருக நீர் இல்லை.

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் வந்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லையேல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிடில் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. மழை கொட்டிய மறுநாளே மக்கள் குடத்தோடு நின்றனர். பழைய சானலோ தன் சரிவினாலேயே ஓடுவது; அதற்கு மின்கம்பம் வேண்டா. புதியதை இகழ்ந்து இதைக் கூறவில்லை. மின்சாரத்தை நம்பிய ஒவ்வொரு நீரேற்று நிலையத்துக்கும் மாற்று மின்னாக்கி வேண்டும், அதற்குரிய எரிபொருளும் இருப்பில் இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

2021 நவம்பர் 12, 13 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் மாவட்டமெங்கும் சானல் கரைகளும் குளக்கரைகளும் உடைந்தன. கரை உடைந்தால் இரு துன்பம்: அன்று வெள்ளம், அடுத்த மாதம் வறட்சி. தேங்கியிருக்க வேண்டிய நீர் ஓடிவிட்டதல்லவா?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த மழை அனைத்தையும் மிஞ்சியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணியில் பெருவெள்ளம் புரண்டது. ஆற்றங்கரையில் அமைந்த உறிஞ்சு கிணறுகளும் நீரேற்று நிலையங்களும் சேதமுற்றன. ஆற்று நீரை நம்பிய பல ஊர்களுக்குக் குடிநீர் நின்றது. நீரின் அருகே அமைய வேண்டியது நீரேற்று நிலையம்; அதுவே முதலில் மூழ்குவதும் ஆகும். எந்திரத்தையும் மின்பலகையையும் வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பது சிறு செலவு. அதைச் செய்யாவிடில் நேர்வது பெரு நட்டம்.

இனித் தலைநகரை நோக்குவோம். 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் நீர் வந்தது. அந்நகரை அப்போது ஓரளவேனும் தாங்கியவை வேறு மூலங்கள்: 2004 முதல் வந்த வீராணம் நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். அவையும் இல்லையெனில் நிலைமை என்னாகியிருக்கும்! தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் 2018இல் இதே நிலையின் விளிம்புக்குச் சென்றது. ஒருவர் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்தலாகாது என்று நகராட்சி அறிவித்தது, மக்கள் இணங்கினர், குழாய்களை மூடும் நாள் வராமலேயே கடந்தது. புதிய அணை அன்று அந்நகரைக் காக்கவில்லை. மக்களின் அடக்கமே காத்தது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர் இதனினும் முன்னே சென்றுள்ளது. அத்தீவு தன் நீர்வளத்தை நான்கு குழாய்கள் என்று வகுத்துக் கூறும்: உள்ளூர் மழைநீர், மலேசியாவிலிருந்து வாங்கும் நீர், கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பெறும் 'புதுநீர்', கடல்நீரிலிருந்து பெறும் நன்னீர். புதுநீர் 2003இலும் கடல்நீர் ஆலை 2005இலும் தொடங்கின. ஒரு குழாய் அடைபட்டாலும் மற்றவை உதவும். பாண்டியன் அணைக்கருகே புத்தன் அணையை எழுப்பிய அறிவும் இத்தகையதே. அளவு வேறு, அறிவு ஒன்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், நீர் வழங்கும் நிறுவனம் ஒன்று முன்னேற்பாடாகச் செய்ய வேண்டுவன நான்கு என்று கருதுகிறேன்.

முதலாவது, மூலம் ஒன்றாக இருத்தல் கூடாது. ஆறு, குளம், நிலத்தடி நீர், மழைநீர் சேமிப்பு, மறுபயன்பாடு என்று பலவாதல் வேண்டும். இவற்றுள் ஒன்று மழையோடு குறையும்போது மற்றொன்று குறையாததாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒழுக்கைத் தடுத்தல். புதிய நீரைத் தேடுமுன் உள்ள நீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மண்ணுக்கடியில் வெடித்த பழைய குழாய் இரவும் பகலும் கசிந்துகொண்டிருக்கும்; யார் கண்ணுக்கும் தெரியாது. இதில் இன்னொரு தீங்கும் உண்டு. சில நாட்களுக்கு ஒருமுறை நீர் விடும் ஊர்களில், நீர் நின்றதும் குழாயினுள் அழுத்தம் குறையும். அப்போது வெளியேயுள்ள சாக்கடை நீர் வெடிப்பின் வழியே உள்ளே புகும். அடுத்த முறை குழாயைத் திறந்தவுடன் வருவது அந்நீரே. வயிற்றுநோய் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆதலின் ஒழுக்கை அடைப்பது சிக்கனம் மட்டுமன்று, சுகாதாரமும் ஆகும்.

மூன்றாவது, சோதனை வருமுன் ஒத்திகை. மின்சாரம் மூன்று நாள் இல்லையெனில் என்ன செய்வது? அணைநீர் கலங்கினால் என்ன செய்வது? குளோரின் இருப்பு எத்தனை நாளுக்கு வரும்? மருத்துவமனைக்கு முதலில் நீர் தருவது யார்? இவற்றுக்கு விடை ஏட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதியதை ஆண்டுக்கொருமுறை செய்து பார்க்க வேண்டும். தேர்வு நாளன்று பாடப்புத்தகத்தைத் தேடும் மாணவன் தேறுவதில்லை.

நான்காவது, பராமரிப்பு. கட்டும்போது விழா எடுப்போம். காக்கும்போது எவரும் மாலை சூட்டுவதில்லை. முற்காலத்தில் குளம் தூர்வாருதலும் கரை உயர்த்துதலும் ஊரார் கடமையாக இருந்தன. குடிமராமத்து என்பது அதன் பெயர். பாசனப் பணிகள் அரசுத்துறையின் கைக்கு வந்தபின் அவ்வழக்கம் தளர்ந்தது. 2017இல் தமிழக அரசு அப்பெயரையே மீண்டும் எடுத்து ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் மீண்டது நன்று. கடமையும் மீள வேண்டும். நூறாண்டு கடந்த பேச்சிப்பாறை அணையும் அண்மையில் வலுப்படுத்தப்பட்டது. கல்லும் சுண்ணாம்பும்கூடக் கவனிப்பாரின்றி நெடுநாள் நில்லா.

'இவையெல்லாம் அரசும் பொறியாளரும் செய்ய வேண்டியவை. மாணவராகிய நாங்கள் என் செய்வோம்?' என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் பள்ளிக் குழாயில் வரும் நீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த அணையைக் கடந்து, எந்தத் தொட்டி வழியே வருகிறது என்று கேட்டறிந்து ஒரு படம் வரையுங்கள். அந்த வழி நின்றால் மறு வழி எது என்று அதன் அருகே எழுதுங்கள். உங்கள் ஊர்க்குளத்தின் பெயரையும் அதன் மறுகால் எக்குளத்துக்குச் செல்கிறது என்பதையும் முதியவர் ஒருவரிடம் கேட்டு அதில் சேருங்கள். என் மாணவரிடம் இப்பாடத்தைத் தந்தபோது சிலர் ஒரே நாளில் முடித்தனர். பலருக்கு ஒரு வாரமும் போதவில்லை. மறு வழி என்ற இடத்தை வெறுமையாக விட்டவர்களே மிகுதி.

அந்த வெற்றிடத்தை நிரப்புவது இன்றைய மாணவராகிய உங்கள் தலைமுறையின் பணி. உங்களுள் சிலர் பொறியாளராவீர். சிலர் ஊராட்சியில் அமர்வீர். பெரும்பாலோர் குழாயைத் திறந்து மூடும் குடிமக்களாவீர். யாராயினும் உங்கள் ஊர் நீரின் வழியை அறிந்திருங்கள். வழியை அறிந்தவரே அதைக் காக்க முடியும்.